பேரிக்காய் திருடிய பையன் டூ புனிதர்... பாவம், மரணம், உயிர்த்தெழுதல் பற்றி அகுஸ்தினார் சொன்னது என்ன?

பிறக்கும் குழந்தைக்கும் பாவம் உண்டா? இறந்தவர்கள் உயிர்த்தெழுந்தால் எந்த வயதில் இருப்பாங்க? கிறிஸ்தவர்கள் இன்றும் விவாதிக்கும் இந்தக் கேள்விகளுக்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதியவர் புனித அகுஸ்தினார்.

யார் இவர்?

கி.பி. 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். அம்மா மோனிக்கா தீவிர கிறிஸ்தவர். மகனோ நேர்மாறு. 16 வயதில் நண்பர்களோடு பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசிக்காக இல்லை, பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் வீசினார்கள். தப்பு என்று தெரிந்தும் அதை ஏன் ரசித்துச் செய்தோம் என்ற கேள்வி மட்டும் அவரை விடவே இல்லை. பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது இந்தச் சின்னத் திருட்டைப் பற்றியே பல பக்கங்கள் எழுதினார்.

மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்தபோது, 386-ல் மனம் மாறினார். 387 ஈஸ்டரில் ஆயர் அம்புரோஸ் அவருக்குத் திருமுழுக்கு கொடுத்தார்.

அழுவது பாவமா?

அதே ஆண்டு அம்மா இறந்துபோனார். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் அழக் கூடாது என்று அகுஸ்தினார் கண்ணீரை அடக்கினார். அடக்கம் முடிந்த பிறகு, தனிமையில் உடைந்து அழுதுவிட்டார். அதையும் மறைக்காமல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய ஒரே மகனும் பதின்வயதிலேயே இறந்தான்.

ஜென்மப் பாவம்னா என்ன?

ஆதாம் செய்த பாவம் மனித குலம் முழுவதையும் பாதித்தது, கடவுளின் அருள் இல்லாமல் யாரும் மீள முடியாது என்பது அகுஸ்தினாரின் வாதம். மனிதன் சொந்த முயற்சியிலேயே நல்லவனாக வாழலாம் என்ற பெலாஜியுஸின் போதனையைக் கடுமையாக எதிர்த்தார்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. திருமுழுக்கு பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும், மிக லேசானதாக இருந்தாலும், தண்டனை உண்டு என்றார். குழந்தையை இழந்த பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை! கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஆதாமின் குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்பதை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் ஆணையமும் 2007-ல், அந்தக் குழந்தைகளுக்கும் மீட்பு கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருப்பதாகச் சொன்னது.

உடல் மீண்டும் எழுமா?

410-ல் ரோம் நகரம் சூறையாடப்பட்டது. பல பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்கள் மீது எந்தக் களங்கமும் இல்லை, பாவம் என்பது மனம் இசைந்து செய்வது என்று உறுதியாக எழுதினார் அகுஸ்தினார். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

'கடவுளின் நகரம்' என்ற அந்த நூலில் மொத்தம் 22 பகுதிகள். கடைசிப் பகுதியில் உயிர்த்தெழுதலை விளக்குகிறார். குழந்தையாக இறந்தவர்கள்கூட முழு வளர்ச்சியோடு, சுமார் 30 வயதுத் தோற்றத்தில் எழுவார்கள்; ஊனம் இருக்காது; மறைசாட்சிகளின் தழும்புகள் மட்டும் அழகாகத் தெரியும் என்பது அவர் கருத்து.

கடைசி நாட்கள்

430-ல் அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரை வாண்டல் படை முற்றுகையிட்டது. காய்ச்சலில் படுத்திருந்தவர், பாவ மன்னிப்பு கேட்கும் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவற்றைப் படித்துப் படித்து அழுதார். ஆகஸ்ட் 28-ம் தேதி, 75 வயதில் உயிர் பிரிந்தது. அந்த நாள்தான் இன்றும் அவருடைய திருநாள்.