பல்லக்கிலேயே திரும்பிப் போன கவிஞர்

1840களின் தொடக்கத்தில் டில்லிக் கல்லூரிக்குப் பாரசீக மொழி ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். ஆங்கிலேய அரசின் செயலாளராக இருந்த தாமஸன், அந்த மொழியை நன்றாக அறிந்தவர் நகரில் யார் என்று விசாரித்தார். முதலில் சொல்லப்பட்ட பெயர் மிர்ஸா அஸதுல்லாஹ் கான் காலிப். சம்பளம் மாதம் 100 ரூபா. அந்த நேரத்தில் காலிபுக்கு வந்துகொண்டிருந்த நிரந்தர வருமானம் மாதம் 62 ரூபா 8 அணா மட்டுமே. வீட்டு வாசலில் கடன்காரர்கள் நின்றார்கள்.

காலிப் பல்லக்கில் ஏறி தாமஸனின் வாசலுக்குப் போனார். போனவர் உள்ளே நுழையவில்லை. தர்பாருக்குப் போகும்போது ஆங்கிலேய அதிகாரிகள் வாசல்வரை வந்து அவரை வரவேற்பது வழக்கம். அந்த மரியாதையை எதிர்பார்த்து வெளியிலேயே காத்திருந்தார். சங்கதி கேள்விப்பட்டு வெளியே வந்த தாமஸன், தர்பாருக்கு விருந்தாளியாக வருவது வேறு, உத்தியோகம் கேட்டு வருவது வேறு என்று விளக்கினார். அரசாங்க வேலை இருக்கிற கௌரவத்தைக் கூட்டும் என்று நினைத்தேனே தவிர, பரம்பரையாக வந்ததையும் குறைக்கும் என்று நினைக்கவில்லை என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, காலிப் அதே பல்லக்கில் வீடு திரும்பினார்.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில்தான் இந்தக் கதையை முதன்முதலில் கேட்டேன். விடுதி அறையில் நாலைந்து பேர் இருந்தோம். எல்லோருக்கும் இருபது வயதுக்கு மேல், எல்லோரும் கவிதை எழுதுகிறவர்கள். கதையைக் கேட்டுக் கைதட்டினோம். கலைஞன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். சம்பளத்தில் கடன் கழிந்து மிச்சம் வருவதைப் பார்க்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பல்லக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் கைதட்ட மனம் வருவதில்லை. அந்த வீட்டில் உம்ராவ் பேகம் என்ற மனைவி இருந்தார். அன்று இரவு அடுப்பு எப்படி எரிந்தது என்று கதை சொல்கிற எவரும் சொல்வதில்லை.

காலிப் 1797 டிசம்பர் 27ஆம் திகதி ஆக்ராவில் பிறந்தார். பாட்டனார் சமர்கந்துப் பக்கமிருந்து வந்த துருக்கியச் சிப்பாய். வாப்பாவும் சிப்பாய்தான். காலிப் சிறுபிள்ளையாக இருந்தபோதே அவர் சண்டையில் மௌத்தாகிவிட்டார். பொறுப்பெடுத்த சிறிய தந்தை நஸ்ருல்லாஹ் பேக் கானும் 1806இல் யானையிலிருந்து விழுந்து மரணித்தார். அவர் கம்பனிப் படைக்குச் செய்த சேவைக்காகக் குடும்பத்துக்கு ஒரு பென்சன் ஒதுக்கப்பட்டது. காலிபின் வாழ்க்கை முழுவதையும் ஆட்டிப் படைத்தது இந்தப் பென்சன்தான்.

முதல் உத்தரவில் ஆண்டுக்கு 10,000 ரூபா என்றிருந்தது. அதைக் கொடுக்க வேண்டியவர் பிரோஸ்பூர் ஜிர்க்காவின் நவாப் அஹ்மத் பக்ஷ் கான். ஒரு மாதம் கழித்து வந்த இரண்டாவது உத்தரவில் அது 5,000 ஆகச் சுருங்கியிருந்தது. அதிலும் 2,000 ரூபா குவாஜா ஹாஜி என்பவருக்குப் போனது. அவர் குடும்பத்தில் ஒருவரே அல்ல என்பது காலிபின் வாதம். மிச்சம் பலருக்கும் பங்கு பிரிந்து காலிபின் கைக்கு வந்தது ஆண்டுக்கு 750 ரூபா. மாதக் கணக்கில் பார்த்தால் மேலே சொன்ன 62 ரூபா 8 அணா. இரண்டாவது உத்தரவு பொய்யாகப் புனையப்பட்டது என்று அவர் உறுதியாக நம்பினார்.

பதின்மூன்று வயதளவில் திருமணம் முடித்தார். சில காலத்தில் டில்லியில் குடியேறினார். பத்தொன்பது வயதுக்குள் உருதுவில் ஒரு தொகுதிக்குப் போதுமான கஸல்களை எழுதி முடித்திருந்தார். வருமானமோ அதே 62 ரூபா 8 அணா. செலவோ பிரபு வீட்டுப் பிள்ளையின் செலவு. மதுப்பழக்கம் இருந்தது. சூதாட்டமும் இருந்தது. இவற்றை மூடி மறைத்து அவரை வலியுல்லாஹ் ஆக்கவேண்டிய தேவை நமக்கில்லை, அவரே மறைக்கவில்லை. தொழுகையில் பேணுதலாக இருந்த உம்ராவ் பேகம், தனது சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தனியாக வைத்துக்கொண்டார் என்பார்கள். பிறந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைக் காணவில்லை.

1826இன் கடைசியில், பென்சன் வழக்கை ஆளுநர் நாயகத்தின் முன் வைப்பதற்காகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். கடன் வாங்கித்தான் புறப்பட்டார். வழியில் லக்னோவில் நோய் காரணமாகப் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. அவதின் அமைச்சரைச் சந்தித்துக் கஸீதா ஒன்றைக் கொடுத்திருந்தால் கைநிறையப் பணம் கிடைத்திருக்கும். ஆனால் தான் வரும்போது அமைச்சர் எழுந்து நிற்க வேண்டும், வழமையான காணிக்கை தன்னிடம் கேட்கப்படக் கூடாது என்று நிபந்தனை போட்டார். சந்திப்பு நடக்கவில்லை. தாமஸன் வாசலில் நடந்தது முதல்தடவை அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

குதிரையிலும் படகிலுமாகப் பயணம் செய்து 1828 பெப்ரவரியில் கல்கத்தாவை அடைந்தார். அங்கே வழக்குக்காக ஒன்றரை ஆண்டு இருந்தார். இடையில் ஒரு முஷாயிராவில் அவரது பாரசீகத்தில் குற்றம் கண்டுபிடிக்க, உள்ளூர்ப் புலவர்களோடு பெரிய சச்சரவு மூண்டது. வழக்குக்கு ஆதரவு தேட வேண்டிய ஊரில் பகை தேடிக்கொண்டார். பின்னர் சமாதானம் பேசி ஒரு பாரசீகக் கவிதையும் எழுத வேண்டிவந்தது. 1829 நவம்பரில் டில்லிக்குத் திரும்பினார். 1831இல் தீர்ப்பு எதிராக வந்தது. இலண்டன்வரை மேன்முறையீடு செய்தார். 1840களில்தான் எல்லாக் கதவும் அடைபட்டது. ஒரு மனிதனின் நல்ல வயது முழுவதும் மனு எழுதுவதில் கழிந்திருக்கிறது. ஓர் இடமாற்றத்துக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் அலைந்தவர்களுக்கு அந்தக் களைப்பு கொஞ்சம் புரியும்.

இத்தனைக்கும் நடுவில் எப்போது எழுதினார்? அவரது மாணவர் ஹாலி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு தகவல் இருக்கிறது. காலிப் பெரும்பாலும் இரவில்தான் கவிதை புனைவார். ஒரு ஈரடி மனதில் உருவானதும் இடுப்புக் கச்சையில் ஒரு முடிச்சுப் போடுவார். அடுத்தது உருவானால் அடுத்த முடிச்சு. அப்படியே தூங்கிவிடுவார். காலையில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஞாபகத்திலிருந்து எழுதிக்கொள்வார். சொந்த வீடு வாங்கியதில்லை, கடைசிவரை வாடகை வீடுதான். புத்தகம்கூட வாங்கமாட்டார், வாடகைக்கு எடுத்து வாசித்துத் திருப்பிக் கொடுப்பார். 1841இல் உருது திவான் அச்சாகியது. அதனால் கடன் தீர்ந்துவிடவில்லை. (சீட்டுக்காசில் நான் அச்சடித்த சிறுகதைத் தொகுதியின் பிரதிகள் இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. காலிபோடு என்னை ஒப்பிட இதைச் சொல்லவில்லை. அச்சகக்காரருக்கு முதலில் காசு கொடுக்கும் வழக்கம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்.)

1847இல் பெரிய அவமானம் வந்தது. வீட்டில் சூதாட்டம் நடத்தினார் என்று கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மூன்று மாதத்தில் விடுதலையானார். உறவினர் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூடநின்றவர் நவாப் முஸ்தபா கான் ஷேப்தா. மதுவை விட்டுவிட்டு மார்க்கப் பற்றோடு வாழ்ந்த மனிதர் அவர். சிறைக்குப் போய்ப் பார்த்தார், செலவுகளையும் கவனித்தார். நமது ஊர்களில் ஒருவர் தவறி விழுந்தால் நடப்பதை நினைத்துப் பார்க்கும்போது, ஷேப்தாவின் பெயர் காலிபின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது என்று படுகிறது.

1850இல்தான் முதல் தடவையாக ஓர் ஒழுங்கான வேலை கிடைத்தது. பேரரசர் பஹாதுர் ஷா ஸபர், தைமூர் வம்சத்தின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதும் பணியைக் கொடுத்தார். ஆண்டுக்கு 600 ரூபா. வரலாறு எழுதுவதில் அவருக்கு விருப்பமில்லை. அரண்மனை வைத்தியர் அஹ்ஸனுல்லாஹ் கான் தகவல்களைத் திரட்டிக் கொடுக்க, காலிப் அதைத் தனது நடையில் எழுதினார். முதல் பாகம் 1854இல் முடிந்தது. இரண்டாம் பாகத்தை அவர் எழுதவே இல்லை. சம்பளம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்தது. அதுவரை வட்டிக்குக் கடன் வாங்கிச் சாப்பிட்டால் சம்பளத்தில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது என்று கணக்குக் காட்டி, மாதாமாதம் தரும்படி பேரரசருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பித்தார். அது பலித்தது. எனக்குத் தெரிந்து அவரது கவிதைக்கு நேரடியாகக் கிடைத்த நல்ல ஊதியங்களில் இதுவும் ஒன்று.

1854இல் ஸௌக் மரணித்ததும் பேரரசரின் கவிதை ஆசானாகவும் ஆனார். பேரரசரின் கஸல்களைத் திருத்திக் கொடுப்பதுதான் வேலை. இளவரசர் ஒருவரும் ஆண்டுக்கு 400 ரூபா கொடுத்தார். லக்னோ அரண்மனையிலிருந்தும் 500 ரூபா ஒதுக்கப்பட்டது. ஒருவழியாக மூச்சுவிடும் நிலை. 1856இல் அவதை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள், அந்த இளவரசரும் மௌத்தானார். 1857 வந்தது.

டில்லி விழுந்தபோது காலிப் பல்லிமாரான் பகுதியில் இருந்தார். பக்கத்தில் வசித்த ஹகீம் குடும்பத்தைக் காக்க பாட்டியாலா மன்னர் நிறுத்திய காவலர்களால் அந்தத் தெரு தப்பியது. மனநோயாளியாக வேறிடத்தில் வாழ்ந்த தம்பி யூஸுப் அந்த அக்டோபரில் மரணித்தார். கபனுக்குத் துணியும் அடக்குவதற்கு ஆட்களும் தேடித்தான் கிடைத்தன. பென்சன் நின்றது. பேரரசரும் இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டிலிருந்த துணிமணிகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டார்கள். மீரட் பக்கமிருந்து ஹர்கோபால் தப்தா என்ற இந்து மாணவர் பணம் அனுப்பினார்.

அந்த நாட்களில் அவர் எழுதிய நூல் தஸ்தம்பூ. 1858இல் ஆக்ராவில் அச்சானது. அதில் கிளர்ச்சிக்காரர்களைக் கடுமையாகச் சாடியிருந்தார். பிரதிகளை ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அனுப்பினார், மகாராணியைப் புகழ்ந்த கஸீதாவும் அதில் சேர்ந்திருந்தது. அதே காலத்தில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலோ, இடிக்கப்பட்ட தெருக்களுக்காகவும் தூக்கிலிடப்பட்டவர்களுக்காகவும் அழுகிறார். இதில் எது உண்மையான காலிப் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், கடிதங்கள்தான் மனம், தஸ்தம்பூ பென்சன் மனு. அமைச்சர் எழுந்து நிற்கவில்லை என்று பணத்தை வேண்டாமென்றவர், அறுபது வயதில் பசிக்காக எழுதினார். அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அந்த நூலை மன அமைதியோடு வாசிக்கவும் முடியவில்லை.

அன்று பல்லக்கு திரும்பிப் போனபின், டில்லிக் கல்லூரியின் பாரசீக ஆசிரியர் பதவி இமாம் பக்ஷ் ஸஹ்பாயிக்குக் கிடைத்தது. அவரும் காலிபின் நண்பர், பெரிய புலமையாளர். சம்பளம் வாங்கி, வகுப்பெடுத்து, நூல்களும் எழுதிவந்தார். 1857இல் கூச்சா சேலான் பகுதியில் ஆண்களை ஆங்கிலேயப் படை பிடித்துச் சென்று யமுனைக் கரையில் சுட்டுக் கொன்றபோது, அதில் ஸஹ்பாயியும் அவரது ஆண்மக்களும் இருந்தார்கள். அரசாங்கத்திடம் வேலை செய்தவர் அந்த அரசாங்கத்தின் குண்டுக்கே இரையானார். எங்கள் கலாசாலை விடுதியில் பல்லக்குக் கதை சொன்ன நண்பருக்கு இந்தப் பகுதி தெரிந்திருக்கவில்லை.

1859 ஜூலையிலிருந்து ராம்பூர் நவாப் யூஸுப் அலி கான் மாதம் 100 ரூபா அனுப்பத் தொடங்கினார். இதற்கும் வேலை கவிதை திருத்துவதுதான். கல்லூரியில் மறுத்த அதே 100 ரூபா! நவாபுக்குத் தபாலில் பாடம் நடத்தினார் என்றே சொல்லலாம். 1860இல் பென்சனும் திரும்பக் கிடைத்தது. மூன்று ஆண்டு நிலுவையாக 2,250 ரூபா வந்தது. அது கடன்காரர்களுக்குப் போனது. கடைசி ஆண்டுகளில் புதிய நவாப் கல்ப் அலி கானுக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். வளர்த்த பேரப்பிள்ளை ஹுஸைன் அலியின் திருமணச் செலவு, தனது 800 ரூபாக் கடன். கடனோடு மௌத்தாகக் கூடாது என்ற பயம் அந்தக் கடிதங்களில் தெரிகிறது. 1869 பெப்ரவரி 15ஆம் திகதி வபாத்தானார். நிஸாமுத்தீனில் அடக்கம் செய்யப்பட்டார். உம்ராவ் பேகம் அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார்.

பேரரசருக்காக எழுதிய வரலாற்றை இன்று ஆராய்ச்சியாளரைத் தவிர யார் வாசிக்கிறார்கள்? கஸீதாக்களும் அப்படியே. யாரும் காசு கொடுக்காமல், அரை அணா முத்திரை ஒட்டி நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிய உருதுக் கடிதங்கள், உருது உரைநடையின் போக்கையே மாற்றின. பேசுவதைப் போலவே எழுதினார். 1858இல் அவற்றை அச்சிட மாணவர்கள் அனுமதி கேட்டபோது, கவனமின்றி எழுதியவை, தனது பெயருக்கு இழுக்கு என்று மறுத்தார். பிறகு மனம் மாறினார். முதல் தொகுப்பு ஊத்-ஏ-ஹிந்தி 1868இல் வெளிவந்தது. இரண்டாவது தொகுப்பான உர்தூ-ஏ-முஅல்லா அச்சில் இருந்தது. அது வெளியானது 1869 மார்ச்சில், அவரை அடக்கி மூன்று வாரமளவில்.