ஜோர்ஜ் கீட் (1901 – 1993)

இலங்கையின் நவீன ஓவியக் கலையில் தனியிடம் பெறுபவர் ஜோர்ஜ் கீட் ஆவார். இவர் 1901 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் திகதி கண்டியில், ஆங்கிலம் பேசும் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் கல்வி கற்றார்.

பாடசாலையை விட இவரை அதிகம் கவர்ந்தது கண்டி வாவிக்கரையிலுள்ள மல்வத்தை விகாரையே. அங்குள்ள பிக்குமாருடன் பழகிப் பௌத்தத்தையும் சிங்கள இலக்கியத்தையும் கற்றார். கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞர் ஒருவர் இவ்வழியில் செல்வது அக்காலத்தில் சிறிய விடயமன்று. பின்னர் தம் சமூகத்தவரின் நகர வாழ்க்கையை விட்டு, கண்டிக்கு அண்மையிலுள்ள சிறிமல்வத்தைக் கிராமத்தில் வாழ்ந்தார்.

தூரிகையை இவர் முறையாகக் கையிலெடுத்தது ஏறத்தாழ 26 வயதில்தான். (சித்திரத்தைப் பிந்தித் தொடங்கிவிட்டோம் எனக் கவலைப்படும் மாணவர் இதைக் கவனிக்கலாம்.) ஐரோப்பாவில் பிக்காசோ முதலியோர் வளர்த்த கியூபிசப் பாணி இவரைக் கவர்ந்தது. ஆனால் அந்தப் பாணியில் இவர் வரைந்தவை நம் நாட்டுப் பெண்களும் கிராமிய வாழ்வும் பழங்கதைகளுமே.

பழங்கதையை ஓவியமாக்கியதற்கு இரு சான்றுகள் முக்கியமானவை. முதலாவது, 1939 – 40 இல் பொரளை கோதமி விகாரையில் தீட்டிய புத்தர் வரலாற்றுச் சுவரோவியங்கள். கண்டிக்கால ஓவியர் ஜாதகக் கதையை நீண்ட பட்டிகளில் சிறு உருவங்களாகத் தொடர்ந்து வரைந்தனர். கீட் சுவரை நிரப்பும் பெரிய உருவங்களை அமைத்தார். கதையைச் சொல்வது இங்கு வர்ணத்தை விட, வளைந்தோடும் தடித்த கோடே. இவ்வோவியங்களைக் கண்டிப் பாணி என விடையெழுதிப் புள்ளியிழப்போர் பலர்.

இரண்டாவது, ஜயதேவரின் கீத கோவிந்தம். ராதை, கண்ணன் காதலைப் பாடும் இந்த 12 ஆம் நூற்றாண்டு வடமொழிக் காவியத்தைக் கீட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கோட்டோவியங்களும் தாமே வரைந்தார். அதன்பின் ராதையும் கண்ணனும் இவரது ஓவியங்களில் திரும்பத் திரும்ப வந்தனர்.

1943 இல் லயனல் வென்ட் முதலியோருடன் 43 குழுவை அமைத்தவர்களுள் இவரும் ஒருவர். 1993 ஜூலை 31 இல் காலமானார்.

பயிற்சி: கண்டியில் வாழும் மாணவர்கள் தெகல்தொருவை விகாரைக்குச் சென்று வெஸ்ஸந்தர ஜாதக ஓவியத்தைப் பார்த்து வாருங்கள். பின்னர் கோதமி விகாரை ஓவியமொன்றின் படத்தை அருகில் வைத்து, கோடு, வர்ணம், உருவ அமைப்பு என்பவற்றில் காணும் வேறுபாடுகளைக் குறியுங்கள்.