கால்மெட் பண்டிதரும் கணக்கில் விடுபட்டோரும்

பி.சி.ஜி. என்னும் தடுப்பு மருந்தின் பெயரில் நடுவெழுத்து ஆல்பர்ட் கால்மெட் பண்டிதரைக் குறிப்பது. ஈற்றெழுத்து அவர் துணைவர் கமீல் கெரேனைக் குறிப்பது. கால்மெட் 1863-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து நீஸ் நகரிற் பிறந்தார். கடற்படை வைத்தியராய்ப் பணியேற்று, 1891-இல் சைகோன் நகரில் பாஸ்டர் ஆராய்ச்சிச் சாலையை நிறுவினார். பாம்பு விஷத்திற்கு மாற்றுமருந்து கண்டவரும் இவரே. ஒருவர் ஆயுளுக்கு அப்புகழே போதும் என்போம். அவர் அதனோடு அமையவில்லை.

1908-இல் லில் நகரில், மாட்டின் க்ஷயக் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்க்கலாயினர் இருவரும். பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தனர். முதல் உலகப் போரில் அந்நகர் ஜெர்மானியர் வசமாயிற்று. அப்பொழுதும் வேலை நின்றிலது. கிருமி கொடுமை இழந்தது. 1921-இல் பாரிஸில் ஒரு சிசுவிற்கு அது முதன்முதல் புகட்டப்பட்டது.

மருந்து உண்ட குழந்தைகளிற் சிலரே மாண்டனர் என்று கால்மெட் கணக்குக் காட்டினார். லண்டன் புள்ளியியலறிஞர் மேஜர் கிரீன்வுட் 1928-இல் அக்கணக்கை மறுத்தார். ஒப்பிட்ட இரு கூட்டங்களும் ஒத்தவை அல்ல என்பது அவர் வாதம். இதனோடு ஒட்டிய ஐயம் ஒன்றுண்டு. செய்தி வாராத குழந்தை நலமாயிருக்கிறதா, இறந்ததா? அதனை நலமுற்றதாக எண்ணினும் பிழை. கணக்கினின்று நீக்கிவிடினும் பிழையாகலாம்.

1930-இல் லூபெக் நகரில் மருந்துண்ட சிசுக்களில் எழுபதுக்கு மேற்பட்டவை மாண்டன. கொடிய கிருமி அவ்வூர் ஆய்வுச்சாலையிற் கலந்ததே காரணமெனப் பின்னர்த் தெளிந்தது. ஆயினும் அத்துயரம் கால்மெட்டை வாட்டியது, 1933-இல் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற வினாவிற்கு விடை தேடிய பெருஞ்சோதனை நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், அந்நாளில் அதனைச் சேர்ந்த திருவள்ளூர்ப் பக்கத்தில், 1968-இல் தொடங்கிற்று. ஏறத்தாழ 2,80,000 பேருக்குக் குலுக்கல் முறையில் மருந்தோ வெறுநீரோ ஊசி வழியே ஏற்றப்பட்டது. யாருக்கு எது என்பதை ஏற்றியவரும் அறியார், ஏற்றவரும் அறியார். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தனர்.

இத்துணை நெடுங்காலத்தில் மக்கள் ஓரிடத்தில் நிற்பரோ? கடப்பாக்கத்துப் பரதவர் ஒருவர் பிழைப்பை நாடிச் சென்னைக்குக் குடிபெயரலாம். பெயர்ந்ததற்கும் நோய்க்கும் தொடர்பில்லையேல், அவர் ஊரிலிருந்த ஆண்டுகளை மட்டும் எண்ணிக் கணக்கிடலாம், தீங்கில்லை. இருமல் முற்றியதனால் பெரிய ஆஸ்பத்திரியை நாடிச் சென்றவராயின், எஞ்சியோரை மட்டும் பார்க்கும் கணக்கு நோயைக் குறைத்துக் காட்டும். எக்காரணத்தால் சென்றார் என்பதை எஞ்சியோரின் கணக்கு சொல்லாது. ஆதலின் இன்றைய புள்ளியியலார், நோயின் போக்கையும் விலகலின் போக்கையும் ஒருங்கே வைத்து, அனுமானத்தை மாற்றி மாற்றி விடை எவ்வளவு அசைகிறதென்று பார்க்கின்றனர். குலுக்கலும் மறைவும் இங்கே பெருந்துணை. தாம் எக்கூட்டத்தினர் என்றறியாதவர் அக்காரணம் பற்றி விலகுதல் இயலாதன்றோ?

பெரியோரின் நுரையீரல் க்ஷயத்தை அம்மருந்து தடுக்கவில்லை என்று 1979-இல் வெளியான முதல் முடிவு கூறிற்று. 1999-இல் வெளியான பதினைந்தாண்டு முடிவும் அதனையே உறுதிசெய்தது. சிசுக்களுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் க்ஷயத்தைத் தடுப்பது பற்றி இந்திய நாட்டிற் பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் இடப்படுகிறது.