அங்கியைத் துறந்த வழக்குரைஞர்

1921-ஆம் ஆண்டு. ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, சென்னை உயர்நீதிமன்ற வழக்குரைஞர் ம.சிங்காரவேலர் தமது கருப்பு அங்கியைத் தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது 61. பிறர் ஓய்வை எண்ணும் வயதில் அவருடைய பொதுவாழ்வு வேகம் கொண்டது.

1860 பிப்ரவரி 18-இல் சென்னையில் மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் சட்டம் படித்து, 1907-இல் வழக்குரைஞர் பணியைத் தொடங்கினார். பௌத்தத்திலும் அறிவியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். அவருடைய வீட்டு நூலகம் சென்னையில் பெரிதும் பேசப்பட்டது.

அன்று நீதிமன்றத்தைத் தொழிலாளி தனக்குரிய இடமாகக் கருத வழியில்லை. 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது பின்னி ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே சட்டத்தின் கண்ணில் குற்றம்போல் நின்ற காலம் அது. 1921-இல் அதே ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் சிங்காரவேலர் அவர்களின் பக்கம் நின்றார்.

1923 மே 1-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை அவர் நடத்தியது பலரும் அறிந்த செய்தி. அதற்கு இரு மாதங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தில், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டதை நினைவில் வைத்திருப்போர் குறைவு. அதுவரை, இயந்திரத்தில் கையை இழந்தவர் முதலாளியின் கவனக்குறைவை உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பணியின்போது, பணியின் காரணமாகக் காயம் நேர்ந்தது என்று காட்டினாலே பொதுவாகப் போதும் என்றது புதிய சட்டம்.

நூறாண்டு கடந்தும், சிங்காரவேலரின் சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தச் சட்டத்தின் தேவை குறையவில்லை. உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் வேலை செய்வோரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வடமாநிலங்களிலிருந்து வந்தோர் ஏராளம். கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 விழுக்காடு என ஊனத்துக்குச் சட்டம் அளவு வகுத்திருக்கிறது. விபத்து நிகழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்ததாரர் மறைந்துவிட்டாலும் ஆலை உரிமையாளரின் பொறுப்பு மறைவதில்லை. இஎஸ்ஐ காப்பீடு உள்ளவர் இந்த இழப்பீட்டைக் கோர முடியாது. அவருடைய ஊனத்தை மருத்துவக் குழு மதிப்பிடும். அம்மதிப்பீடு குறைவென்று கருதினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ செல்லலாம். ஒரு கையில் கட்டுடன், மொழி தெரியாத ஊரில் நிற்பவருக்கு இவற்றில் எது தெரிந்திருக்கும்? வெற்றுத்தாளில் கையொப்பமிட்டு, கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தொழிலாளருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. திருவள்ளூரிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. ஆலை வாயில்களில் இச்செய்தியை எழுதி வைக்கக் கூடுதல் செலவு ஏதும் ஆகாது; எழுதத்தான் ஆளில்லை.

சிங்காரவேலருக்கும் சட்டம் ஒரு முறை உதவியது. 1928-இல் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காகக் கைதான அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு 1930-இல் வெளிவந்தார். அங்கியை எரித்தவருக்காக வேறு யாரோ அங்கி அணிந்து வாதாடியிருக்க வேண்டும்.

1946 பிப்ரவரி 11-இல் அவர் மறைந்தார். இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்கும் கட்டடம் அவர் பெயரால் சிங்காரவேலர் மாளிகை என அழைக்கப்படுகிறது.