மாலுமிகளின் நண்பர் பிளிம்ஸால்

தர்மபுரி ஜில்லாவில் கடல் இல்லை, துறைமுகமும் இல்லை. எனினும் நீரின்மேல் பிழைப்பு நடத்தும் மக்கள் அங்கே உண்டு. காவிரி நதி பாறைகளினூடே பாய்ந்து விழும் ஒகேனக்கலில், மூங்கிலால் பின்னிய வட்டப் பரிசல்களில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வது பலருக்குத் தொழில். நதியில் வெள்ளம் மிகும்போது அதிகாரிகள் பரிசல் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஏறுவோர் பாதுகாப்பு அங்கி அணியவேண்டும்; அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றலாகாது. நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்த குடும்பத்தார் இவ்விதிகளைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. இன்னும் ஒருவர்தானே, சிறு குழந்தைதானே என்று பரிசல்காரரை வற்புறுத்துவதும் உண்டு.

மென்மையான மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அரசருக்கு வலியறியும் நெறியைப் போதித்தார். நிலத்தில் ஓடும் வண்டிக்கு அவர் கண்ட உண்மையைக் கடலில் ஓடும் கப்பலுக்குச் சட்டமாக்குவதற்காகத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஸாமுவேல் பிளிம்ஸால் என்ற ஆங்கிலேயர். அவருடைய நாட்டார் நம்மை ஆண்ட காலத்தில் இழைத்த தீங்குகளை நாம் மறந்தோமில்லை. ஆயினும், தம் நாட்டு ஏழைகளின் பொருட்டுத் தம் நாட்டுச் செல்வர்களையே எதிர்த்து நின்ற ஒருவரைப் போற்றுவதற்கு அது தடையாகாது.

பிளிம்ஸால் 1824ஆம் வருஷம் பிப்ரவரி 10ந் தேதி பிரிஸ்டல் நகரில் பிறந்தார். இளமையில் ஷெபீல்டு நகரத்தில் ஒரு பீர் வடிசாலையில் குமாஸ்தாவாக அமர்ந்து, தமது உழைப்பால் அதன் நிர்வாகியாக உயர்ந்தார். 1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு அந்நகரின் சார்பில் கௌரவக் காரியதரிசியாக வேலை செய்தார். பின்பு லண்டன் சென்று நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். வியாபாரம் நொடித்தது, கைப்பொருள் முழுதும் போயிற்று. சில காலம் அவர் ஏழைகள் தங்கும் மலிவான விடுதிகளில், வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளே செலவிட்டு நாட்களைக் கழிக்க நேர்ந்தது. ஏழைகள் ஒருவருக்கொருவர் காட்டும் பரிவை அவர் அங்கேதான் கண்டார். பிற்காலத்தில் செல்வம் திரும்பி வந்தபோதும் அந்த நாட்களை அவர் மறக்கவில்லை. 1868இல் டெர்பி நகரின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் புகுந்தபோது அவருடைய உள்ளத்தில் நின்றவர்கள் இந்த எளியோர்களே.

அக்காலத்துக் கப்பல்களின் நிலைமையை நேயர்கள் சற்றே மனத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும். மரம் உளுத்து, ஆணி கழன்ற பழைய கப்பலுக்குப் புதுச் சாயம் பூசி, சில சமயம் பெயரையும் மாற்றிக் கடலில் விடுவார்கள். மேல்தளம் நீருக்குச் சில அடி உயரமே நிற்கும்படி சரக்கை நிரப்புவார்கள். கப்பலும் சரக்கும் மதிப்புக்கு மேற்பட்ட தொகைக்கு இன்ஷ்யூர் செய்யப்பட்டிருக்கும். கப்பல் கரை சேர்ந்தால் கூலி மிச்சம். மூழ்கினாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. உயிரிழப்பவன் மாலுமி ஒருவனே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின், கப்பல் பழுதுற்றதென்று சொல்லி ஏற மறுத்தவனுக்குச் சிறைவாசம் காத்திருந்தது. கடலில் மூழ்குவதா, சிறையில் கிடப்பதா என்பதொன்றே அவனுக்கு இருந்த சுதந்திரம். இத்தகைய கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே ஜனங்கள் அழைத்தார்கள். 1866 ஜனவரியில் ‘லண்டன்’ என்னும் நீராவிக் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கி இருநூறு பேருக்கு மேல் மாண்டதும், கப்பல்களின் பார அளவைப் பற்றிய கவலை நாடெங்கும் பரவியது.

பிளிம்ஸால் கேட்ட பரிகாரம் மிகவும் எளிதானது. கப்பலின் விலாவில் ஒரு கோடு வரையப்படவேண்டும். அக்கோடு நீரில் அமிழும்படி எவரும் பாரம் ஏற்றலாகாது. நீர்மட்டத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள உயரமே கப்பலின் உயிர்நிலை. அவ்வுயரம் குறையக் குறைய அலைகள் தளத்தின்மீது புரளும். அமிழ்ந்த கப்பல் மீண்டும் மேலெழும் சக்தி குன்றும். இந்த யோசனையைத் தாமே முதலில் கண்டதாகப் பிளிம்ஸால் உரிமை பாராட்டவில்லை. ஜேம்ஸ் ஹால் என்பவர் அவருக்கு முன்பே இதற்காகப் பாடுபட்டார். அவரும் ஒரு கப்பல் முதலாளியே என்பது கவனிக்கத் தக்கது.

பார்லிமெண்டில் மசோதாக்கள் பயன் தராமற் போகவே, பிளிம்ஸால் 1873இல் ‘நமது மாலுமிகள்’ என்று பொருள்படும் பெயருடைய புத்தகத்தை வெளியிட்டார். மூழ்கிய கப்பல்களின் விவரங்களையும், விபத்துக்களைப் பற்றிய சாட்சியங்களையும், விதவைகளின் நிலைமையையும் அதில் தொகுத்தார். நாடு கொதித்தது. அவசரத்தில் சிலரைப் பற்றி ஆதாரம் போதாமலே எழுதிவிட்டார் என்பதும் உண்மையே. அதன் பயனாக மானநஷ்ட வழக்குகள் வந்தன. பணமும் மனநிம்மதியும் செலவாயின. மனைவி எலைஸா அவருடன் உறுதியாக நின்றார். அரசாங்கம் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. கமிஷனோ, எல்லாக் கப்பலுக்கும் பொருந்தும் கோட்டை வகுப்பது சாத்தியமன்று என்று அறிக்கை கொடுத்தது.

1875ஆம் வருஷத்தில் அரசாங்கமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. ஜூலை 22ந் தேதி, பிரதம மந்திரி டிஸ்ரேலி அதனைக் கைவிடுவதாக அறிவித்தார். சபையிலேயே கப்பல் முதலாளிகள் பலர் அங்கத்தினர்களாக இருந்தனர். பிளிம்ஸாலின் பொறுமை எல்லை கடந்தது. சபையின் மரியாதைகளையெல்லாம் மறந்து, முஷ்டியை ஓங்கி, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைப் பாதகர்கள் என்று கூவினார். சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து வெளியேறினார். ஒரு வாரம் கழித்து அவர் சபைக்கு வந்து, தமது நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த ஒரு வாரத்திற்குள் பொதுஜனங்கள் அவர் பக்கம் திரண்டுவிட்டார்கள். பழுதுற்ற கப்பல்களை நிறுத்திவைக்க இன்ஸ்பெக்டர்களுக்கு அதிகாரம் தரும் தற்காலிகச் சட்டம் உடனே நிறைவேறியது. 1876இல் கோட்டை வரைவது சட்டப்படி கட்டாயமாயிற்று.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கோட்டை வரையவேண்டுமென்று விதித்த சட்டம், அதை எங்கே வரைவதென்னும் உரிமையைக் கப்பல் முதலாளியிடமே விட்டுவிட்டது. லாபம் பெறுகிறவனே தன் லாபத்துக்கு எல்லையும் வகுக்கலாம் என்றால், அது என்ன எல்லை? பதினான்கு வருஷங்கள் இக்குறை நீடித்தது. 1890இல்தான் கோட்டின் இடத்தை அரசாங்க விதிகள் நிர்ணயித்தன. கோடு என்பது வெறும் சாயம். அதற்கு வலிமை தருபவர், முதலாளியின் தயவை எதிர்பாராத பரீட்சகர்; துறைமுகத்தில் நின்று கப்பலைப் பார்த்து, கூடாது என்று சொல்லத் துணிபவர்.

1880இல் பிளிம்ஸால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டும், தமது ஸ்தானத்தை ஹார்க்கோர்ட் என்ற லிபரல் தலைவருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் அமைச்சராக இருந்து மாலுமிகளுக்கு அதிக நன்மை செய்யக்கூடும் என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் மாலுமிகள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். கப்பல்களில் கால்நடைகள் படும் கொடுமையைப் பற்றியும் எழுதினார். 1898 ஜூன் 3ந் தேதி போக்ஸ்டோன் நகரில் காலமானார். 1929இல் மாலுமிகளின் சங்கத்தார் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

அவருடைய கோடு 1930ஆம் வருஷத்திய உடன்படிக்கையால் பல நாடுகளுக்கும் உரியதாயிற்று. 1966இல் அது புதுப்பிக்கப்பட்டது. சுதந்திர இந்தியா 1958இல் இயற்றிய வணிகக் கப்பல் சட்டமும் அதை ஏற்றது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ நங்கூரமிட்ட கப்பலின் விலாவைப் பார்ப்பவர்கள், ஒரு வட்டத்தையும் அதன் நடுவே செல்லும் கோட்டையும், அருகே ஏணிப்படிகள் போன்ற சிறு கோடுகளையும் காணலாம். கோடைக்கும் குளிருக்கும், உஷ்ணக் கடலுக்கும் நன்னீருக்கும் தனித்தனி அளவுகள் அவை. நன்னீரில் கப்பல் உப்புநீரைவிடச் சற்று ஆழமாக அமிழும்.

காவிரியும் நன்னீரே. பரிசலின் மூங்கில் விலாவில் எந்தக் கோடும் இல்லை. கூடாது என்று பரிசல்காரர் சொல்லும் சொல்லே அங்குக் கோடு. அவர் கப்பல் முதலாளியல்லர். அன்றாடக் கூலியை நம்பியவர். இன்னும் ஒருவரை ஏற்றினால் அவருக்கும் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். பரிசல் கவிழ்ந்தாலோ அவர் உயிரும் உடன் போகும். வெள்ள நாளில் பரிசலை நிறுத்தச் சொல்லும் அரசாங்கம், அந்நாட்களில் அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கும் வழி தேடவேண்டும். பட்டினிக்கும் ஆபத்துக்குமிடையே ஒருவனை நிறுத்திவிட்டு விதியைக் கைக்கொள் என்பது, அன்று மாலுமிக்குச் சிறையைக் காட்டியதற்கு வெகு தூரமன்று. யாத்திரிகர்களான நமக்கும் கடமை உண்டு. பரிசல்காரர் ஒருவர் போதுமென்று கையைத் தூக்கினால், முகம் சுளிக்காமல் அடுத்த பரிசலுக்குக் காத்திருப்போமாக.