பசுமலை நாவலர்

இளமையில் மனித உள்ளத்தில் எழும் விருப்பங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை, பிழைப்புக்குரிய தொழிலும் குடும்பப் பொறுப்பும் வந்து சேர்ந்தவுடன் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, இனி அவற்றிற்குக் காலம் இல்லை என்னும் எண்ணமும் வலுப்பெறுகின்றது. அவ்வாறு ஒதுங்கிய விருப்பத்தை ஐம்பது வயதுக்குப் பின்னரும் கைவிடாது போற்றி, அதற்கே தம்மை ஒப்படைத்து, நாட்டுக்கும் மொழிக்கும் பயன்பட வாழ்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நாவலர் சோமசுந்தர பாரதியார்.

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், சிறு குன்று ஒன்றன் அடியில் அமைந்துள்ள ஊர் பசுமலை. அமெரிக்க நாட்டுக் கிறித்தவத் தொண்டர்கள் 1845 ஆம் ஆண்டில் இங்குக் கல்விக் கூடம் ஒன்றனை அமைத்தனர். அது முதல் இவ்வூர் கல்விக்குப் பெயர் பெற்று விளங்குகின்றது. பாரதியார் தம் வாழ்நாளின் பிற்பகுதியை இவ்வூரிலேயே கழித்தார். பசுமலை என்றவுடன் தமிழறிஞர்க்கு அவர் நினைவு வருதல் இயல்பாயிற்று.

பாரதியார் பிறந்த ஊர் எட்டயபுரம். 1879 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27 ஆம் நாள், எட்டப்ப பிள்ளை என வழங்கப்பெற்ற சுப்பிரமணிய நாயகருக்கும் முத்தம்மாளுக்கும் மகனாக அவர் தோன்றினார். எட்டயபுரம் சிற்றரசே ஆயினும், புலவரைப் போற்றும் அரண்மனை அங்கு இருந்தது. கவியரசர் சுப்பிரமணிய பாரதியார் மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஊரிற் பிறந்தார். சிறுவர் இருவரும் இளமை தொட்டே நண்பராயினர். தமிழ்ப் பாடல்களைக் கூடிப் படித்து மகிழ்ந்தனர். புலவர் ஒருவர் இவ்விருவரின் பாப்புனையும் ஆற்றலை ஆராய்ந்து, இருவருக்கும் பாரதி என்னும் பட்டத்தை ஒருங்கே வழங்கினார் என்று கூறுவர். ஒரே ஊரில் தோன்றி, ஒரே பட்டம் பெற்ற அவ்விரு நண்பரும் பிற்காலத்தில் வெவ்வேறு வழிகளிற் சென்றனர். ஒருவர் பாட்டையே வாழ்வாகக் கொண்டார். மற்றவர் சட்டம் பயிலச் சென்றார்.

சோமசுந்தர பாரதியார் நெல்லையிற் பள்ளிக் கல்வி பெற்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்தில் அக்கல்லூரியிற் பரிதிமாற் கலைஞரும் மறைமலை அடிகளும் தமிழ் ஆசிரியராக விளங்கினர். ஆங்கிலமே பெருமை தரும் மொழி எனப் பலரும் கருதிய காலம் அது. தமிழின் தொன்மையையும் தூய்மையையும் உணர்ந்த அவ்விரு பேராசிரியர்பால் பயிலும் பேறு இவருக்கு வாய்த்தது. இளமையில் எட்டயபுரத்தில் முளைத்த தமிழார்வம் அங்கு வேரூன்றியது. ஆயினும் தமிழ் கற்றோர்க்கு அந்நாளிற் கிடைத்த வேலையும் ஊதியமும் மிகக் குறைவு. ஆகவே, அவர் சட்டம் பயின்று தேர்ச்சி பெற்று, 1905 ஆம் ஆண்டளவில் தூத்துக்குடியில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

தொழில் வளர்ந்தது, வருவாயும் பெருகியது. தமிழாசிரியராகித் தமிழாராய்ச்சியில் மூழ்கும் வாய்ப்பு மட்டும் எட்டாத தொலைவில் நின்றது. அவ்வார்வத்தை இளமைக் கனவென்று எண்ணி மறந்துவிடுதல் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மறக்கவில்லை. வழக்குகளுக்கு இடையே கிடைத்த காலத்தைச் சங்க நூல்களிலும் தொல்காப்பியத்திலும் செலவிட்டார். கல்லூரியிற் சேராமலே தனியே பயின்று தேர்வெழுதி, 1913 ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. வழக்கறிஞர்க்கு அப்பட்டத்தால் ஒரு காசு வருவாயும் கூடுவதில்லை. தம் விருப்பம் ஒருநாள் நிறைவேறும் என்னும் நம்பிக்கையும், அந்நாளுக்குத் தம்மைத் தகுதியுடையவராக்கிக் கொள்ளவேண்டும் என்னும் உறுதியும் அவர்பால் இருந்தமைக்கு அப்பட்டமே சான்று.

நாட்டு விடுதலைப் பற்றும் அவரிடம் குறைவற்றிருந்தது. வ. உ. சிதம்பரனார் 1906 ஆம் ஆண்டில் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, பாரதியார் அவருக்குத் துணை நின்றார். 1908 ஆம் ஆண்டில் சிதம்பரனார் சிறைப்பட்டார். கப்பற் கம்பெனியும் பின்னர் நலிந்தது. சிதம்பரனாரோடு பழகுவதே ஆட்சியாளரின் ஐயத்துக்கு இடமாகிய காலத்திலும் அந்நட்பைப் பாரதியார் விட்டாரல்லர்.

1921 ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். வறுமையிலும் தமிழை விடாது பாடிய இளமை நண்பர் குறுகிய வாழ்நாளிலேயே தம் பணியை நிறைவேற்றிச் சென்றார். சோமசுந்தர பாரதியாருக்கோ அப்போது வயது நாற்பத்திரண்டு. அவர்தம் பெரும்பணி இனிமேல்தான் தொடங்கவேண்டியிருந்தது.

அவர் மதுரைக்கு வந்து பசுமலையிற் குடியேறினார். பாண்டித்துரைத் தேவர் 1901 ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தால் மதுரை அக்காலத்திற் புலவர் கூடும் நகராக விளங்கியது. அறிஞர் அவைகளிற் பாரதியாரின் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. அவற்றின் பயனாகத் திருவள்ளுவர், தசரதன் குறையும் கைகேயி நிறையும், சேரர் பேரூர் முதலிய நூல்கள் தோன்றின. வள்ளுவரைப் பற்றி வழங்கிய கட்டுக்கதைகளைச் சான்று கேட்டு ஆராய்ந்து அவர் மறுத்தார். கைகேயியைக் கொடியவள் என்றே உலகம் பழித்து வந்தது. பாரதியாரோ, அவளை மணந்த காலத்திலேயே தசரதன் அரசை அவளுக்குரியதாக வாக்களித்திருந்தான் என்பதைக் காட்டி, குறை மன்னனிடமே என வாதிட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட ஒருத்திக்காக வழக்குமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞரின் திறம் அந்நூலில் விளங்குகின்றது. சட்டத் தொழிலிற் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை; சான்றின்றி எதனையும் ஏலாமையும், எதிர்வாதத்தை அஞ்சாமையும் அத்தொழில் அவருக்குப் பயிற்றிய பண்புகள்.

நெடுங்காலம் காத்திருந்த வாய்ப்பு 1933 ஆம் ஆண்டில் வந்தது. அண்ணாமலை செட்டியார் 1929 ஆம் ஆண்டிற் சிதம்பரத்தில் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்து விலகினார். அவ்விடத்தை ஏற்குமாறு பாரதியாருக்கு அழைப்பு வந்தது. அவருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. பலர் ஓய்வை நாடும் பருவம் அது. வளமான தொழிலையும் பழகிய ஊரையும் விட்டுப் புதியதொரு பணியைத் தொடங்குதல் எளிதன்று. புகழ் பெற்ற முதுபுலவர் அமர்ந்திருந்த இடத்திற்கு வழக்கறிஞர் ஒருவர் ஏற்றவரோ என ஐயுறுவாரும் இருத்தல் கூடும். பாரதியார் தயங்காது சென்றார். ஐந்து ஆண்டுகள் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து, மாணவர்க்கு இலக்கியத்தையும் ஆராயும் நெறியையும் ஒருங்கே கற்பித்தார். மேகத்தைத் தூது விடுவதாக அமைந்த மாரி வாயில் என்னும் செய்யுள் நூலும் அவர் இயற்றியதே.

அவர்தம் ஆராய்ச்சியின் சிகரம் தொல்காப்பியப் பொருட்பகுதிக்கு அவர் கண்ட புத்துரையாகும். அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் ஆகிய மூன்றற்கும் அவர் உரை வரைந்தார். இளம்பூரணர், நச்சினார்க்கினியர் போன்ற பேருரையாசிரியர் கூறியன எல்லாம் முடிந்த முடிபு எனக் கொள்ளாது, நூலாசிரியர் கருத்து யாது என்பதைச் சூத்திரத்தின் சொற்களைக் கொண்டே தேடினார். முன்னோரை மதித்துக்கொண்டே அவரோடு மாறுபடலாம் என்பதை அவர் உரை காட்டுகின்றது.

மொழிப்பற்றுக்கு ஒரு சோதனையும் வந்தது. 1937 ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்திற் பதவியேற்ற காங்கிரசு ஆட்சி, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்க முற்பட்டது. பாரதியார் காங்கிரசு இயக்கத்திற் பங்கு கொண்டவர். ஆயினும் தமக்குச் சரியெனத் தோன்றியதைச் சொல்லாது அவர் அடங்கியிருக்கவில்லை. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியாருக்குத் திறந்த மடல் ஒன்று எழுதி, அத்திட்டத்தை மறுத்தார். அதனை எதிர்க்க அமைந்த குழுவுக்குத் தலைமையும் தாங்கினார். கட்டாய இந்திப் பாடம் 1940 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. தாம் சார்ந்த இயக்கத்தை எதிர்த்து நிற்றல் வயது முதிர்ந்த ஒருவர்க்குப் பெரிய இழப்பு. அவ்விழப்பை அவர் மனமுவந்து ஏற்றார்.

பல்கலைக்கழகப் பணிக்குப் பின்னர்ப் பாரதியார் பசுமலைக்கே மீண்டார். முதுமையிலும் நூலாராய்ச்சியும் சொற்பொழிவும் ஓயவில்லை. ஈழ நாட்டுத் தமிழறிஞர் 1944 ஆம் ஆண்டில் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்துப் போற்றினர். தாம் பேராசிரியராக இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமே 1955 ஆம் ஆண்டில் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1959 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 14 ஆம் நாள், எண்பது ஆண்டு நிறைந்த அப்பெரியார் உலக வாழ்வை நீத்தார்.

பாரதியாரின் வாழ்வு இளைஞர்க்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. விரும்பிய பணி உடனே கிடைத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. கிடைக்கும் வரை அதனை எண்ணி ஏங்கியிருத்தலாலும் பயனில்லை. காலம் வரும் என்று நம்புவோர், அது வரும்போது கைக்கொள்வதற்கு உரிய கல்வியையும் ஆற்றலையும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கவேண்டும். வழக்கறிஞராயிருந்த முப்பத்து நான்கு வயதிற் சோமசுந்தர பாரதியார் தமிழ்த் தேர்வு எழுதியிராவிட்டால், ஐம்பத்து நான்கு வயதில் அவரைத் தேடி அழைப்பு வந்திராது. இருபது ஆண்டுகளின் அமைதியான உழைப்பே அவர்தம் நம்பிக்கையை உண்மையாக்கியது.