மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தவர்

ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தியாவின் எடிசன் என்ற பட்டத்தோடுதான் தொடங்குவார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை. என் மனத்தில் அவர் முதலில் ஒரு மெக்கானிக். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை தெரியவில்லை.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை; தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றுவிட்டது. ஊர்ப்பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றியிருக்கலாம். அவரோ ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் பூட்டினார்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்ற சிறிய கருவியில் காந்தமும் கம்பிச்சுருளும் சுழற்சியால் மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் பிளக்கின் முனையில் பொறியாகப் பாயும். பொறிக்கும் பிளக்குக்கும் ஏற்ற உயர் அழுத்த மேக்னெட்டோவை ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் ஹொனோல்ட் 1902-இல்தான் உருவாக்கினார். அந்த வண்டி கோயம்புத்தூர்ச் சாலைக்கு வந்தபோது அது உலகத்துக்கே புதிய நுட்பம். ஒரே ஒரு சிலிண்டர். பொறி தவறினால் வண்டி நின்றுவிடும், குறை எங்கே என்று தேடியே ஆக வேண்டும். இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

நான்கு சிலிண்டர் வண்டி அப்படி இல்லை, அது ஏமாற்றும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் பெடாஸில் மாமா ஓட்டும் பழைய பெட்ரோல் பிக்கப். செம்பனைத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போகும் வண்டி. மழை பெய்த மறுநாள் காலையில், பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் திக்கும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள்: ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது. அரைமணி நேரம் ஓடினால் சரியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் தங்கப்பிள்ளை மாதிரி ஓடும். ஒரு பட்டறையில் பெட்ரோல் பில்டரை மாற்றினார்கள், இன்னொன்றில் இன்ஜெக்டரைக் கழுவினார்கள். திக்கல் போகவில்லை.

பிறகு ஒரு வாரம் எதையும் கழற்றாமல், எப்போது திக்குகிறது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதினோம். ஈரம், குளிர், பாரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கோளாறு. பெட்ரோல் வரத்தில் குறை என்றால் வெயில் நாளிலும் காட்டியிருக்கும். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பிளக் வயரின் ரப்பர் உறையில் வெடிப்பு இருந்தால், அதில் ஈரமும் படிந்திருந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும்.

இருட்டிய பிறகு பானட்டைத் திறந்துவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயால் வயர்களின்மேல் பனிபோல லேசாகத் தண்ணீர் தெளித்தோம். மூன்றாவது சிலிண்டரின் வயரிலிருந்து நீலமாக ஒரு கோடு இரும்புக்குப் பாய்ந்தது. உடனே இன்ஜினும் திக்கியது. (வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் கையை விலக்கியே வைத்திருங்கள். பிளக் வயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடும்.) நான்கு வயர்களையும் நான்கு பிளக்குகளையும் ஒன்றாக மாற்றினோம், பிளக் இடைவெளியை அளந்து வைத்தோம். ஆனாலும் அடுத்த மழைக்குப் பிறகு, அதே மேட்டில், அதே பாரத்தோடு ஏறிப் பார்க்கும்வரை மாமா சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளவில்லை.

நாயுடுவின் வாழ்க்கையில் 1920-ஆம் ஆண்டை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆண்டு கோயம்புத்தூர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தாமே ஓட்டினார். முதலாளி, டிரைவர், மெக்கானிக் எல்லாம் ஒருவரே. வண்டி எந்த மேட்டில் எந்தச் சத்தம் போடுகிறது என்பது ஓட்டுகிறவர் காதில்தான் விழும். பட்டறைக்காரர் காதுக்கு அது வந்து சேராது. அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆனது.

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1937-இல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். ரேசன்ட் என்ற மின்சார ஷேவிங் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் உட்காரும் பெட்ரோல் கார் வெளிவந்தது, விலை 2,000 ரூபாய். அரசாங்கம் உரிமம் தர மறுத்ததால் உற்பத்தி நின்றது.

மாணவர்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் 1945. அந்த ஆண்டு கோயம்புத்தூரில் அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக நாயுடு முன்னின்றார். தொடக்கக் கல்வியைத் தாண்டாதவர் கல்லூரி முதல்வரானார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டே தாராளம் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

எஸ்.பி.எம். முடித்து, தொழிற்கல்லூரிக்குப் போவதா பல்கலைக்கழகத்துக்குப் போவதா என்று வீட்டில் வாக்குவாதம் நடத்தும் பிள்ளைகள் நம் தோட்டப்புறங்களில் நிறைய. தொழிற்கல்லூரி என்றாலே மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. நாயுடு அதைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். ஆனால் இரண்டு ஆண்டு போதும் என்பதில் நான் அவரோடு உடன்படமாட்டேன். அழுத்தம் கூடினால் பொறிக்கு ஏன் அதிக வோல்டேஜ் வேண்டும் என்பது எனக்கு வகுப்பில் கிடைத்த பதில். கோளாறு மழை நாளில் வருகிறது என்பது மாமாவின் காதுக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே பானட்டுக்கு மேல் குனிந்தபோதுதான் நீலக்கோடு தெரிந்தது. நாயுடுவுக்கு இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. அப்படி எல்லாருக்கும் அமையாது, நமக்குக் கூடுதல் ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். அவர் சேகரித்த கருவிகளும் கண்டுபிடிப்புகளும் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள கண்காட்சியில் இருக்கின்றன. அவர் விலகிவந்த கல்லூரி பிறகு இடம் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. அங்கே பி.இ. படிப்பு இன்றும் நான்கு ஆண்டுதான்.